‘ஆரன்’ என்ற சொல்லுக்கு நான் போட்ட சிவப்பு வட்டம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர், முனைவர் மைதிலி அம்மையார் அவர்களே! அறிவுக்கு அணி சேர்க்கும் துறைத்தலைவர்களே! அரங்கின் முன்வரிசையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! ஆய்வேட்டை மார்போடு அணைத்து அமர்ந்திருக்கும் மாணவக் கண்மணிகளே! இடப்பக்கம் மூன்று வரிசையில், வேறெதையும் பார்க்காமல் என் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டையாம்பட்டித் தறிக்காரப் பெருமக்களே! என் வணக்கத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

மைக்செட் சின்னண்ணன், இந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. வாயை மறைக்குது. சத்தம் குறைஞ்சாலும் பரவாயில்லீங்க.

முதல்வர் அம்மையார் என்னைப் பற்றிச் சொன்னார்கள். முப்பது ஆண்டு, ஆயிரத்து இருநூறு ஆய்வேடு, அத்தனையும் திருத்திய கை இந்தப் பாலசுந்தரத்தின் கை என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். மேசைமேல் எனக்கொரு பொன்னாடையும் காத்திருக்கிறது. கை திருத்தியது உண்மைதான். கண் படித்ததா? கருத்து கவனித்ததா? நெஞ்சு நினைத்ததா? அதைச் சொல்லத்தான் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி வந்திருக்கிறேன்.

இந்தக் கல்லூரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் சிறந்த ஆய்வேடு என்று எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதன் முடிவை முதல்வர் கையெழுத்தோடு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புவார்கள். கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது அப்படித்தான். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. போன ஆண்டு கடைசிச் சுற்றில் என் மேசைக்கு இரண்டு ஏடுகள் வந்தன.

முதல் ஏடு, சேலம் மாநகரப் பேருந்துப் பயணிகளின் மனநிறைவு பற்றியது. நூற்றிருபது பக்கம், தங்க எழுத்து, பளபளக்கும் அட்டை. தீனதயாளன் என்ற மாணவன் கொடுத்தது. இரண்டாவது, நம்ம ஆட்டையாம்பட்டி ரஞ்சனி எழுதியது. முப்பத்தெட்டே பக்கம். விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் காது பற்றியது. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? லாரிப் பட்டறையில் பழைய ஆரன் ஒன்றைக் கேட்டு வாங்கி, பேட்டரியில் மாட்டி, அறுபது தறிக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று அடித்துப் பார்த்திருக்கிறாள். அறுபது பேரில் நாற்பத்து மூன்று பேர் திரும்பிப் பார்க்கவில்லை. காது சோதனை முகாம் நடத்த வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாள். தன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் போட்டுக்கொள்ளவா கேட்டாள்? தன் தெருவுக்காகக் கேட்டாள்.

யாருடைய பெயரையும் எழுதாமல் எண் போட்டிருந்தாள். எண் பதினேழு சொன்னதை அவர் வாய்ப்பேச்சாகவே எழுதியிருந்தாள். “பொறத்தால லாரி ஆரன் அடிச்சா எனக்குக் கேக்கறதில்லீங்க. காத்து மேல பட்டாத்தான் வண்டின்னு தெரியும்.”

நான் என்ன செய்தேன்? ‘ஆரன்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பக்கத்தில், ‘பேச்சு வழக்கு. ஒலிப்பான் எனத் திருத்துக’ என்று எழுதினேன். மொழிநடைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். தங்க எழுத்து ஏட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. ரஞ்சனிக்கு ஐம்பத்து மூன்று. பேருந்துப் பயணிகளின் மனநிறைவு மாவட்ட நிர்வாகத்துக்குப் போனது. காதுகள் என் வீட்டுப் பரண்மேல் போயின.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சனி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எண் பதினேழு செத்துப்போய்விட்டார் என்றாள். செல்லமுத்து அவர் பெயர். திருச்செங்கோட்டு ரோட்டோரமாக டீ குடிக்க நடந்துபோனவர். லாரிக்காரர் மூன்று தடவை ஆரன் அடித்ததாகவும், இந்த மனுசன் திரும்பவே இல்லை என்றும் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாராம்.

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பையிலிருந்து புதிதாக அச்செடுத்த ஏட்டை எடுத்து நீட்டினாள். “நீங்க சொன்னாப்பல ஒலிப்பான்னு மாத்திட்டேனுங்க ஐயா. இப்பவாச்சும் அனுப்புவீங்களா?”

எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் போனபிறகு தங்க எழுத்து ஏட்டைக் கேட்டு வாங்கி, முதல்முறையாக முழுவதும் படித்தேன். பதினோரு இடத்தில் ‘வினாக்சேலம்’ என்று இருந்தது. பின்வரிசையில் யாரோ அப்படின்னா என்னன்னு கேக்கறீங்க. நானும் அன்றே கேட்டிருக்க வேண்டியதுதான்! கேள்விகளைத் தொகுத்தால் அது வினாக்கோவை. யாரோ கோயம்புத்தூரைப் பற்றி எழுதிய ஏட்டைக் கடையில் விலைக்கு வாங்கி, கம்ப்யூட்டரில் ‘கோவை’ என்று வந்த இடமெல்லாம் ‘சேலம்’ என்று ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். வினாக்கோவை வினாக்சேலம் ஆகிவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் உண்மையான ‘ஆரன்’ ஒன்று என் கண்ணில் உறுத்தியது. பொய்யான ‘வினாக்சேலம்’ பதினொன்று என் கண்ணுக்குத் தப்பியது. அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் அட்டையை விற்றான், நான் அட்டையை வாங்கினேன். பக்கத்தை எண்ணினேன், பிழையை எண்ணினேன், அடிக்குறிப்பை எண்ணினேன். பதினேழு என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் நடந்துபோகிறார் என்று எண்ணினேனா?

பேராசிரியப் பெருமக்களே, நாளைக்கு உங்கள் மேசைக்கும் கட்டுக்கட்டாக ஏடுகள் வரும். தரம் பார்ப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்று சொல்வேன். இந்தப் பிள்ளை யார் வாசலிலாவது போய் நின்றதா என்று முதலில் பாருங்கள். நின்றிருந்தால் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். சிவப்புப் பேனாவை அதற்கப்புறம் திறக்கலாம்.

மைக்கை ஏன் இறக்கச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்த நாற்பத்து மூன்று பேரில் மீதி நாற்பத்திரண்டு பேர் இந்த மூன்று வரிசையில் இருக்கிறார்கள். தறிச் சத்தத்துக்குள் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். செல்லமுத்துவின் மனைவி மாரியாயி அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அவர்களை நான்தான் கூப்பிட்டேன்.

முதல்வர் அம்மையார் அவர்களே, பொன்னாடை எனக்கு வேண்டாங்க, மடித்து வைத்துவிடுங்கள். அதற்குக் கீழே ரஞ்சனியின் ஏடும், முகாம் கேட்டு ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். அதில் ‘ஆரன்’ என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழும்வரை இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

பேனாவை எடுத்துவிட்டார்கள். நன்றிங்க அம்மா. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தயவுசெய்து கைதட்டாதீர்கள், இந்த மூன்று வரிசைக்கு அது கேட்காது. நான் கைகூப்புகிறேன். இது அவர்களுக்குத் தெரியும்.

வணக்கம்.