பாய் கொடுத்த நற்சான்று

கொஞ்சம் நகர்ந்து என் பக்கம் வந்து உட்காருங்கள், செல்லங்களா. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு பெண்ணின் வேலை எப்படிப் பறிபோகப் பார்த்தது என்று சொல்கிறேன்.

எண்பத்தேழாம் வருஷம், கார்த்திகை முடிகிற நேரம். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் ரசாக் பாயின் மல்லாட்டை மண்டி. அந்தச் சந்துக்கே கடலை மூட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்த ஒரு போன்தான். சந்தில் குடியிருந்த சமண வீட்டுப் பெண் சுனந்தாவுக்கு இருபத்துநாலு வயது. கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதப் படித்தவள். கம்பெனிகளுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காண்ட்ராக்டில் ஆள் அனுப்பும் மெட்ராஸ் ஏஜென்சி ஒன்றுக்குப் பயோடேட்டா போட்டவள், அதில் பாயின் நம்பரைத்தான் எழுதியிருந்தாள்.

ஒரு நாள் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் வெளியே போயிருந்தாள், பாய் பேசினார். மறுநாள் காலை அவளைப் பார்த்ததும், மெட்ராஸ் சம்பந்தம் நல்ல இடமாகத் தெரிகிறது, உன்னைப் பற்றி உயர்த்திச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று பாய் சிரித்தார். உடனே மண்டி போனிலிருந்தே மெட்ராஸுக்கு அர்ஜென்ட் ட்ரங்க் கால் போட்டாள்.

"ஹலோ... ஹலோ! ஆமா, திருவண்ணாமலை பார்ட்டிதான், குடுங்க... ஏஜென்சி ராமதாஸ் சாருங்களா? சார், நான் சுனந்தா... ஆமாங்க, கோபோல் ப்ரோகிராம் படிச்சவ... என்னது? லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துட்டீங்களா? எப்ப சார்? ... நேத்தேவா?"

ரிசீவர் கையில் வழுக்கியது. இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு வேலை அவசியமில்லன்னு யார் சொன்னது? ... ஆமா, ஆமா, அந்த நம்பர்தான்... ஐயோ, அவரு என் அப்பா இல்ல சார்! பக்கத்து மண்டிக்காரரு... எழுதியே வெச்சிருக்கீங்களா? படிங்க சார், கேக்கறேன்... ம்... ம்... 'ஜாஸ்தி பேசாது, எதிர்த்து ஒரு வார்த்தை வராது'... சரி... 'கம்ப்யூட்டரெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, நீங்க வேணாம்னா அன்னிக்கே விட்டுடும்'... பாய்! இப்படியா சொன்னீங்க? ... தலையாட்டாதீங்க பாய், என் வேலையே போச்சு!

"சார், சார், வெச்சிடாதீங்க. நீங்க பொண்ணு கேக்கறீங்கன்னு நெனச்சுட்டாரு... ஆமா, கல்யாணத்துக்கு... சிரிங்க சார், பரவாயில்ல. என் பேரை மறுபடி எழுதிட்டுச் சிரிங்க... எங்க ஊர்ல மெட்ராஸ்லேர்ந்து ஒரு பொண்ணைப் பத்தி வேற எதுக்கு சார் விசாரிப்பாங்க? குணம் எப்படி, பழக்கம் எப்படின்னு நீங்களும் கேட்டீங்களாமே! ... பின்ன? ... பெங்களூர் பேங்க்குக்கு லிஸ்ட் எப்ப போவுது? ... பன்னெண்டுக்கா? டெலக்ஸ்லயா? இப்பவே பதினொன்னே முக்கால் சார்!"

அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வயர் எட்டிய மட்டும் நடந்தாள். மூட்டையில் இடித்துக்கொண்டு திரும்பினாள்.

"யாருங்க? ... எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிஷமா ஆச்சு? எக்ஸ்டென்ட் பண்ணுங்க, எக்ஸ்டென்ட்! ... சார், இருக்கீங்களா? ... ராத்திரி ஷிப்ட், தெரியும் சார். பகல்ல மெஷின் பேங்க்காரங்களுக்கே வேணும், நமக்கு ராத்திரிதான் குடுப்பாங்க... பொழுது சாஞ்சாவா? அதையும் சொல்லிட்டாரா?"

பாய் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கொடுத்ததிலேயே உசத்தியான நற்சான்று அதுதான்: பொழுது சாய்ந்தால் சோற்றில் கை வைக்காத குடும்பம்.

"அது நெஜந்தான் சார். ஆறு மணிக்குள்ள சாப்பிட்டுடுவோம், விளக்கு வெச்சா ஒன்னும் தொடமாட்டோம்... சாப்பாடுதான் சார் கெடையாது, வேலை உண்டு! நீங்களே யோசிங்க. மத்தவங்க டிபன்னு ஒரு தடவை, டீன்னு ரெண்டு தடவை எழுந்து போவாங்க. நான் மெஷினை விட்டு நகரமாட்டேன். வேலூர் ஷூ கம்பெனி சம்பளப் பட்டியலை அப்படித்தான் மூணே ராத்திரில முடிச்சேன்... தாராளமா விசாரிங்க. ஆனா மேனேஜரைக் கேளுங்க. வாட்ச்மேனைக் கேக்காதீங்க, அவரும் எங்க ஊர்.

"... யாரு, போன வருஷம் அனுப்பின பொண்ணா? ... ரெண்டாம் மாசமே பாதியில விட்டுட்டுப் போயிட்டாளா? கல்யாணம்னா?"

சுனந்தா நடப்பதை நிறுத்திவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லமாட்டேன் சார். தையில ஒருத்தங்க பார்க்க வராங்க... இருங்க, முழுசா கேளுங்க. ஆறு மாசம்னு கையெழுத்துப் போட்டா ஆறு மாசம்தான். அவங்க காத்திருக்கறதா இருந்தா காத்திருக்கட்டும்... அப்பா கையெழுத்தா? பையன்னா கேப்பீங்களா? ... இல்ல, பதில் சொல்லுங்க சார். ப்ரோகிராம் எழுதறது நான். டைம் ஷீட்ல வாரா வாரம் கையெழுத்துப் போடறது நான். காண்ட்ராக்ட்டுக்கு மட்டும் எதுக்கு அப்பா?"

மண்டியில் எடை போடுகிறவர்கூடத் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

"... ஆமா சார். எதிர்த்துதான் பேசறேன்... ... ... சார்? இருக்கீங்களா? ... என்ன? திருப்பிச் சொல்லுங்க, லைன் கொரகொரங்குது... பேங்க்காரங்ககிட்ட பேச இப்படி ஆள்தான் வேணுமா? ... ம்... ம்... நாளைக்குப் பத்து மணி. ஒரிஜினல் சர்டிபிகேட்டோட. வரேன், வரேன்... மொதல்ல லிஸ்ட்ல எழுதுங்க சார், நான் லைன்லயே நிக்கறேன்... எழுதிட்டீங்களா? எத்தனாவது? ... ஏழு. படிச்சுக் காட்டுங்க... ஆமா, சுனந்தா... ஹலோ? ஹலோ?"

லைன் அறுந்துவிட்டது. ரிசீவரை மெல்ல வைத்தாள். பாய் குற்றவாளிபோல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாய், இனிமே யாராவது என்னை விசாரிச்சா, அந்தப் பொண்ணு பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயைத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பெட்டி கட்ட ஓடினாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்த படிப்பு வீண்போகாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டைத் தேடி வரும் நல்ல சேதி, சேர வேண்டியவர் கையில் நேராகச் சேரட்டும். நிறைந்த வீடாக இருங்கள்.