இருபது கிலோ கல்

இந்த மின்விசிறி லேசாக ஆடுகிறது, ஃபாதர். பயப்பட ஒன்றுமில்லை. ஓர் இறக்கையில் மட்டும் தூசி கூடுதலாகப் படிந்திருக்கும், துடைத்தால் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நான் செய்ததற்கும் இருக்கிறது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கூலாயிலிருந்து யோங் பெங் வரை கடை, கிளினிக், செம்பனை எண்ணெய் ஆலை எங்கும் தராசு சரிபார்க்கிறேன். நம் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற தங்கராஜு அண்ணனையும் தெரியும். என் மனைவி கெர்ட்ரூட்டின் அக்காவைக் கட்டியவர், எனக்குச் சகலை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டில்தான் எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, முழு உண்மை ஒன்று உண்டு, அதை மனிதன் அறியவும் முடியும் என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தார். நான் பொறுமையாக விளக்கினேன். உண்மை இருக்கலாம். ஆனால் அதை ஏதாவது ஒன்றால் அளந்துதான் அறிய வேண்டும். அளக்கிற கருவியை அதைவிட நல்ல கருவியால் சரிபார்க்கிறோம், அந்த நல்லதை இன்னும் நல்லதால். ஏணி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கடைசிப் படியில் யாரும் நின்றதில்லை. நான் கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழிலும் ‘கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்று பிழையின் அளவைச் சொல்லும் ஒரு வரி இருக்கும். என் தொழிலில் மிக நேர்மையான வரி அதுதான்.

அவர் கோழிக்காலைத் தட்டில் வைத்தார். “அப்ப முப்பது வருஷமா என்னான்னே தெரியாததத்தான் அளந்துகிட்டு இருக்கியா, வாலண்டைன்? பேசாம வீட்டுல படுத்திருக்கலாம் லா.”

மேசையே சிரித்தது. கெர்ட்ரூட்டும் சிரித்தாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் சிரிப்பு நாலு விநாடி இருக்கும். நாலேகால்.

அடுத்த வாரம் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு தராசு கொடுத்தேன். கிளினிக்கில் வைக்கிற வகை, சான்றிதழோடு. ஏறி நின்றார், எண்பது கிலோ. அது சரியான எண்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். தராசுக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது, ஃபாதர். இருபது கிலோ எடைக்கல்லை வைத்து, பொத்தானை அழுத்தி, இதுதான் இருபது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நம்பிவிடும். அந்தக் கல்லின் அடியில் இருநூறு கிராம் ஈயத்தை ஒட்டிவைத்து இதுதான் இருபது என்று சொன்னாலும் நம்பிவிடும். பிறகு எல்லாரையும் கொஞ்சம் மெலிந்தவர்களாகக் காட்டும்.

இந்த ஊர் வெயிலுக்கு வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்னுமொரு இருநூறு கிராம் ஒட்டினேன். நாலாவது வாரம் எழுபத்தேழு காட்டியது. அவர் சாப்பாட்டைக் கூட்டினார். எண் இறங்கியது. இன்னும் கூட்டினார். காற்சட்டை இடுப்பில் இறுகியது. சதை கரைந்து நீர் கோத்துவிட்டது என்று முடிவு செய்தார். கிளினிக்குக்குப் போனார். அங்கே எண்பத்து நாலு என்றார்கள், சர்க்கரை ஏறுகிறது, சாப்பாட்டைக் குறையுங்கள் என்றும் சொன்னார்கள். அவர்கள் தராசில் சான்றிதழ் ஒட்டியிருக்கவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

ஒவ்வொரு வாரமும் காரிலிருந்து கல்லைத் தூக்கி வருவது அவர்தான். போன மாதம் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். “கல்லே பாரமா இருக்குடா. உடம்புல தெம்பு போயிருச்சு.” கல்லின் பாரம் உண்மையிலேயே கூடியிருந்தது. மனிதக் கை எவ்வளவு நுட்பமான கருவி என்று வியந்தேன்.

மறைக்கல்வியை ஏன் நிறுத்தினார் என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்குக் காரணம் இதுதான். மோட்டார் சைக்கிளை மருமகன் பிராண்டனுக்குக் கொடுத்துவிட்டார். எந்தச் சட்டையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி செல்வராணி அண்ணியிடம் காட்டியிருக்கிறார். அந்தச் சட்டை இப்போது அவருக்குப் பத்தாது.

எத்தனை தடவை செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? பதினாலு, ஃபாதர். கூட்டல் கழித்தல் ஒன்று.

போன ஞாயிறு தராசு எழுபத்தைந்தரை காட்டியது. என் கணிப்பில் அவர் எண்பத்தாறு. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயாச்சும் சொல்லு. உண்மையிலேயே நான் எவ்ளோ இருக்கேன்?”

நான் பொய் சொல்லவில்லை. “முழு உண்மைய யாராலயும் அறிய முடியாதுண்ணே” என்றேன்.

அவர் காற்சட்டையின் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான்தான் புரியாம சிரிச்சுட்டேன்.”

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு மனிதருக்கு ஒரு கருத்து விளங்க வேண்டும். அதற்கு மேல் ஆசை கிடையாது. கோபமோ வன்மமோ எனக்கில்லை என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் அடுத்த இருநூறு கிராமையும் ஒட்டிவிட்டேன். கெர்ட்ரூட் அப்போது அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், ஃபாதர். இந்த ஞாயிறே, சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும், கெர்ட்ரூட்டுக்குக் கேட்கிற மாதிரி, முதலில் இன்னொரு தடவை சொல்லட்டும்.