தெளியட்டும்னு விட்டது

இல்ல தம்பி, கேமராவைப் பைக்குள்ளயே வைங்க. தோட்டத்துக்குள்ள போறதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க, பழம் அடுக்குற பெட்டிதான்.

தெரியுது, போன வருஷம் அந்த வீடியோ எடுத்தவர் நீங்கதான். வேலிக்கு வெளிய நின்னு எடுத்திருக்கீங்க. பரவால்ல. மான் பின்னங்கால் பின்னிக்கிட்டு விழுந்தா யாருக்குத்தான் வேடிக்கை பாக்கத் தோணாது? இப்ப ரெண்டாவது வீடியோ எடுக்கணும். மான் வேணும், காட்டுப்பன்னி வேணும், கூடையோட தள்ளாடி வந்தாரே, அந்த ஆளும் வேணும். அவர் இங்கதான் இருக்கார். எங்க போயிடப் போறார்? சொல்றேன், தண்ணியைக் குடிங்க.

மிருகத்தைப் பத்திக் கேட்டீங்கல்ல. பேரிக்காய் கீழ விழுந்தா சும்மா கிடக்காது தம்பி. வெயில் பட்டு உள்ளுக்குள்ளயே புளிச்சிடும். மேல பாத்தா பழம், உள்ள சாராயம். வாசம் புடிச்சா பகல், ராத்திரி பாக்காம மிருகமெல்லாம் வேலியைத் தாண்டி வந்துடும். மானாவது கொஞ்சம் கூச்சப்பட்டுத் தின்னும். பன்னி இருக்கே, கூப்பிடாம வந்த சொந்தக்காரன் மாதிரி, வாயை எடுக்கவே எடுக்காது. அப்புறம் மரத்துல முட்டிக்கிட்டு, மரத்தையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கும்.

கிட்டப் போய் எடுக்கணுமா? அதான் கூடாது. ஒரு தடவை சினை மான் ஒன்னு போதையில கிடந்துச்சு. பாவம்னு ஒருத்தன் தூக்கப் போனான். அது மிரண்டு எழுந்து ஓடி, வேலிக் கம்பியில கழுத்தை மாட்டிக்கிட்டுச் செத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அன்னைலேருந்து அவர் வச்சதுதான் சட்டம். விழுந்தது விழுந்த இடத்துல கிடக்கட்டும், யாரும் தொடாதீங்க, தெளிஞ்சா அதுவா எழுந்து போகும். பழம் பறிக்க யார் புதுசா வந்தாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவார். கூலி எவ்வளவுன்னு கூட அப்புறம்தான்.

அவரா? ஐயோ, ஒரு சொட்டு தொட மாட்டார். ஆனா பக்கத்துல நிக்க முடியாது. அழுகின பழத்தை அள்ளிக் குழியில கொட்டுறது அவர் வேலை, அதை யாருக்கும் குடுக்க மாட்டார். சட்டையெல்லாம் சாறு. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாத்தம் போகாது. பஸ்ல ஏறினா பக்கத்து சீட்டு காலியாயிடும். குடிக்காமலே பேர் வாங்கிட்டேன்டின்னு வந்து சிரிப்பார். நானும் கேலி பண்ணுவேன்.

அன்னைக்கு நான் சந்தைக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். இவர் கூடையைத் தூக்கிக்கிட்டுக் குழிக்குப் போயிருக்கார். பாதி வழியில ஒரு கால் இழுத்திருக்கு, வாய் கோணியிருக்கு. கூடை கீழ விழுந்து, பழமெல்லாம் உருண்டு, மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். ஆமா தம்பி, அந்த ஆளுதான். எங்க வீட்டுக்காரர்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க. பறிக்கிறவங்க பாத்திருக்காங்க. இத்தனை வருஷம் கழிச்சு அண்ணனும் பழத்தை ருசி பாத்துட்டார்டான்னு பேசிக்கிட்டாங்களாம். கெட்டவங்க இல்ல. கைத்தாங்கலாப் புடிச்சு நிழல்ல படுக்க வச்சு, முகத்துல வெயில் படாம தொப்பியை மூடிவிட்டு, வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. நான் பொழுது சாயுற நேரம் வந்து, எங்க அவர்னு கேக்குறேன். சத்தம் போடாதீங்கக்கா, தெளிஞ்சதும் அவரே எழுந்து வருவார்ங்கறான் ஒருத்தன். அவர் சொல்லிக் குடுத்ததையே எனக்குச் சொல்றான்.

ஆஸ்பத்திரியில மட்டும் என்ன? நர்ஸு மூக்கைப் பொத்திக்கிட்டு, பெஞ்சுல படுக்க வைம்மா, முதல்ல போதை இறங்கட்டும்னுச்சு. நான் கத்தின கத்துக்கு அப்புறம்தான் டாக்டர் வந்தார். வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? மதியமே கொண்டு வந்திருக்கலாமேம்மா, யாருமே பாக்கலையான்னார். பாக்காம என்ன. மறுநாள் வார்டுல பக்கத்துக் கட்டில்காரர் பையன் போன்ல உங்க வீடியோ ஓடுது. முதலாளியும் மட்டைனு எழுதிப் போட்டிருந்தீங்க. ஊரே பாத்துச்சு தம்பி.

என்ன பண்றீங்க? அழிக்கப் போறீங்களா? வேண்டாம், போனைக் கீழ வைங்க. உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது. ஆனா அதை அழிச்சிடாதீங்க. உள் ரூம்லதான் படுத்திருக்கார். வலது பக்கம் வரல, பேச்சும் வரல. காலைல கண் முழிச்சா இடது கையால என் போனைத் தட்டுவார். போட்டுக் காட்டணும். கால் இழுக்கறதுக்கு முன்னாடி, மரத்துக்கு நடுவுல கூடையோட நாலு எட்டு நேரா நடந்து வர்றார் பாருங்க, அது வரைக்கும் பாப்பார். அதுக்கப்புறம் நிறுத்தச் சொல்லி என் கையைத் தட்டுவார். திரும்ப முதல்லேருந்து போடணும். அவர் நடக்கறதை நாங்க யாரும் எடுத்து வச்சதில்ல தம்பி, நீங்க எடுத்தது மட்டும்தான் இருக்கு.