ஒரு ஃபைல் மட்டும்

அலிமா: இன்னுமா அதக் கட்டிக்கிட்டு அழுதிய? எத்தன தடவதான் ரீஸ்டார்ட் பண்ணுவியண்ணே!

பேச்சிராஜ்: நீ ஸ்கேன் எடுக்க வேலயப் பாரும்மா. கம்ப்யூட்டரு ஏம் பாடு. ஸ்கேன் படமெல்லாம் இருக்க சர்வர் ஃபோல்டரு, அந்த ஷேரு, இந்தச் சிஸ்டத்துல ஒழுங்கா வந்து சேரல, மவுண்ட் ஆகல.

அலிமா: சாரல் அடிச்சு கேபிள் நனஞ்சிருக்கும்...

பேச்சிராஜ்: கேபிள் மாத்தியாச்சு. ஃபோல்டர் தொறக்குது. உள்ள பேஷண்ட் பேரெல்லாம் வரிசையாத் தெரியுது. கிளிக் பண்ணுனாத்தான் எர்ரர். ‘அனுமதி இல்லை’ன்னு வருது.

அலிமா: நீங்கதான அட்மின்? ஒங்களுக்கே அனுமதி இல்லியா! நல்ல கூத்து.

பேச்சிராஜ்: சிரிக்காத. எரிச்சலா வருது. அன்மவுண்ட் பண்ணி, பாஸ்வேர்டு போட்டு, மறுபடி மவுண்ட் பண்ணிட்டேன். ரிசப்ஷன் சிஸ்டத்துலயும் போட்டுப் பாத்துட்டேன். அங்கனயும் அதே எர்ரரு.

அலிமா: எல்லா ஃபைலுமாண்ணே?

பேச்சிராஜ்: ...இல்ல.

அலிமா: பொறவு?

பேச்சிராஜ்: ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் தொறக்குது.

அலிமா: அப்பொ விடுங்க. டாக்டர் வந்து பாத்துக்கிடுவாவ. வாங்க, டீ குடிப்போம்.

பேச்சிராஜ்: டீ எறங்காது அலிமா. அது... சுகந்தி ஃபைலு.

அலிமா: தெரியும்ணே. காலைல மதினிய மெசின்ல படுக்க வச்சதே நாந்தான.

பேச்சிராஜ்: கீழ ஒக்காந்திருக்கா. வெறும் வாயுக் கோளாறுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். ரிப்போர்ட்ட வாங்கிட்டு, அப்படியே ஐந்தருவிக்குப் போயிட்டு வருவமாங்கா. நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் பாதி உசுரு போயிட்டு.

அலிமா: நெட்வொர்க் கோளாறாத்தான் இருக்கும்ணே. நீங்க மொதல்ல எந்திரிங்க...

பேச்சிராஜ்: நெட்வொர்க்கு ஒரு ஃபைல மட்டும் தேடிப் புடிக்குமாக்கும்? இரு... சர்வருக்குள்ளயே போயிப் பாத்துருதேன்...

அலிமா: வேண்டாம்ணே. சொன்னாக் கேளுங்க...

பேச்சிராஜ்: இங்க பாரு. ஷேர்ல ஒரு கோளாறும் இல்ல. இந்த ஃபைல யாரோ பூட்டிருக்காவ. டாக்டர் லாகின்லேர்ந்து.

அலிமா: அப்பொ டாக்டர்தான் பூட்டிருப்பாவ. விடுங்கண்ணே.

பேச்சிராஜ்: டாக்டர் இன்னும் திருநெல்வேலிலேர்ந்தே வரல. அந்தப் பாஸ்வேர்டு ஒனக்கு மட்டுந்தான் தெரியும்.

அலிமா: அண்ணே...

பேச்சிராஜ்: நான் நெனச்சா இப்பமே பூட்ட எடுத்துருவேன். ஒரு நிமிசம் ஆகாது. தொறந்து பாக்கத்தான் பயமா இருக்கு. நீயே சொல்லிரு. ஒண்ணுமில்லன்னு சொல்லு தாயி...

அலிமா: நாந்தாண்ணே பூட்டுனேன். ஒத்தையில ஒக்காந்து நீங்க அதப் பாக்கக் கூடாதுன்னு பூட்டுனேன். நல்ல படமா இருந்தா, மொத ஆளா ஓடியாந்து நானே ஒங்ககிட்ட சொல்லிருக்க மாட்டனா...