எண்பதில் நின்ற முள்

இராஜபாளையம் மின்சார நிலையத்தின் பாய்லர் மேஸ்திரி, தேவதானம் தந்த திருமகனார், உயர்திரு வேதமணி அவர்களுக்கு உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்.

நெருப்பின் நிறத்திலேயே நீராவியின் நிலையறிந்தவரே!

புகைபோக்கிக்கு அஸ்திவாரம் தோண்டிய 1926-இலேயே மண்வெட்டியோடு வந்தீர்கள். மூன்று பாய்லர்களுக்கும் முதல் தீ மூட்டியது தங்கள் கை. இங்கே நிலக்கரி எரிய, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை விளக்கெரிந்தது. பதினெட்டாண்டுகள் அந்தத் தீயையே பார்த்த கண்களுக்கு இன்று பகலும் புகைமூட்டம்தான்.

அதை மேலிடத்துக்குத் தெரியாமல் நாங்கள் மறைத்தோம். இரண்டாண்டுகளாக ஆவியின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துத் தங்களுக்கு உரக்கச் சொன்னவன் எங்களில் ஒருவனான சமுத்திரம். யுத்தகாலக் கரியில் பாதி கல். "கரியா அனுப்புதான்? மலையப் பேத்துல்லாலே அனுப்புதான்!" என்று சிரிப்பீர்கள். முள் இறங்கும்போதெல்லாம் தாங்களே கரி வாரிப் போடுவீர்கள். பிறகு இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள்.

சென்ற மாசியில் ஒரு மாலை, நூற்றிருபதில் நிற்கவேண்டிய முள் எண்பதுக்கு இறங்கியது. தங்கள் முகத்தைப் பார்க்கச் சமுத்திரத்துக்குப் பொறுக்கவில்லை. செத்த நேரம் உட்காரட்டும் என்று மட்டுமே நினைத்தான்.

"நூத்திருபது, அண்ணாச்சி."

உட்கார்ந்தீர்கள். கால்மணியில் எஞ்சின் நின்றது. இரண்டு ஊர்களும் இருண்டன.

விசாரணையில் அவன் வாய் திறக்குமுன் தாங்கள் எழுந்தீர்கள். "முள்ளத் தப்பாப் பாத்தது நாந்தான். எங் கண்ணு போச்சு."

கவனக்குறைவு என்று எழுதி இன்று தங்களை அனுப்புகிறார்கள். அன்று வாசலில் அவன் அழுதபோது, "ஏலே, ஆவி எறங்குறது எங் காதுக்குத் தெரியாதா? நீ சொன்னதும் ஒக்காரணும்போல இருந்துச்சு, ஒக்காந்துட்டேன்" என்றீர்கள். அந்தச் சொல் அவனை விடுவிக்கவில்லை. தன் இரக்கமே தங்களைத் தள்ளிவிட்டது என்ற நினைப்போடுதான் தினமும் அந்த முள்ளின் முன் நிற்கிறான்.

மலையருவியிலிருந்து மின்சாரம் வரப்போகிறதாம். இந்தப் பாய்லர்களும் குளிர்ந்துவிடும். தங்களுக்குச் சொல்ல எங்களிடம் ஆறுதல் இல்லை. கண்ணாடியிட்ட இம்மடலைத் தங்களால் படிக்கவும் முடியாது. ஆயினும் தங்கள் மகள் ஜெயபாய், வருவோர் கண்ணில் படும்படி இதைச் சுவரில் மாட்டட்டும்.

நெடுநாள் இருங்கள்! இருமலின்றி இருங்கள்! இனியாவது உட்கார்ந்திருங்கள்!

இதை வாசிப்பவனும் சமுத்திரமே. வேலை போனாலும் போகட்டும் என்று, என்ஜினீயர் துரை முன்னிலையில், கடைசி முறையாகத் தங்களுக்கு, அன்று மாற்றிச் சொன்ன அளவைச் சரியாகச் சொல்கிறான்:

முள் எண்பதுல நிக்கி, அண்ணாச்சி.

இங்ஙனம்,
பாய்லர் பகுதித் தொழிலாளர்கள்,
இராஜபாளையம், 1944