முழங்கை உயரம்

சமையலறையை அளக்கப் போகிறவர்கள் முதலில் சன்னலைத்தான் அளப்பார்கள். அது தவறு, ஐயா. கதவுக்கு இடப்பக்க மூலையில் தொடங்கி, சுவரோடு ஒரு சுற்று வந்து, அதே மூலையில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுவரையும் தரையோரம், இடுப்பளவு, தலைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பூச்சு வேலை எந்தச் சுவரையும் ஒரே நீளமாக விடுவதில்லை. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே நாடாவைப் பிடித்தால் அறை கோணலா என்று தெரிந்துவிடும். எங்கள் அறை முக்கால் அங்குலம் கோணல். இருபத்திரண்டு வருடம் அதில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு, அளக்கும்வரை தெரியாது.

சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள். அது எனக்கு வராது. என்னிடம் மணி கேட்டவர்கள் கடிகாரம் ஓடும் விதத்தைத் தெரிந்துகொண்டு பஸ்ஸை விட்டிருக்கிறார்கள்.

பெயர் பொன்னுராஜ். வீடு ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் பிளான் வரையும் வேலை. அந்த ஊரில் நான் வரைந்த வீடுகள் இருநூறு இருக்கும். ஒன்றைக்கூட யாரும் என் பெயரால் சொல்வதில்லை. என்னையே யாரும் என் பெயரால் சொல்வதில்லை. என் மனைவி செல்வலட்சுமி மில் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். முதலில் எட்டுப் பேருக்கு, பிறகு நாற்பது பேருக்கு. காலை பஸ்ஸில் கண்டக்டர், "சாப்பாட்டக்கா வீட்டுக்காரரா? ஏறுங்க சார். நேத்து ரசம் அம்புட்டு ருசி" என்பார். நானும் அந்த ரசத்தை வைத்தவன் மாதிரி சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள் போல. "அவியளா? அவிய கோடு போடுவாவ" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பருப்பைக் கிளறப் போய்விட்டாள். நான் அதை ஒரு வாரம் யோசித்தேன். கோடுதான் போடுகிறேன். மறுக்க முடியவில்லை.

அதே மாதம் அவளே கேட்டாள்: "இந்த மேடை ரொம்பத் தாழ்வா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. செத்த ஒசத்திக் கட்டித் தாங்களேன்."

மேடை உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சமைப்பவரை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, அதில் நான்கு அங்குலம் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். அவளைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"எதுக்குத் தையக்காரர் மாதிரி அளக்குதிய? ஜாக்கெட்டா தைக்கப் போறிய?" என்று சிரித்தாள்.

அவள் நாலடி பத்து அங்குலம். முழங்கை முப்பத்தாறரை. ஆக, மேடை முப்பத்திரண்டரை. நான் வரைந்தது முப்பத்தேழரை.

கொத்தனார் சங்கையா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், ஒசரம் சாஸ்தியாத் தெரியுதே. அக்கா குட்டையால்லா?"

"இப்ப எல்லா வீட்டுலயும் இதுதான், சங்கையா."

"படிச்சவிய சொன்னா சரிதான்" என்று கட்டினார். வேலை முடிந்ததும் தாளை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

முழங்கைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்தால் பாரம் தோளுக்குப் போகும். நாற்பது பேர்ச் சாப்பாடு என்றால் மூன்று மாதத்தில் தொழிலை விட்டுவிடுவாள் என்று கணக்கிட்டேன். அவள் பதினொரு மாதம் தாங்கினாள். என் கணக்கு இவ்வளவு தப்பியது அதற்கு முன் இல்லை. நடுவில் ஒரு மணையைப் போட்டு ஏறி நின்றாள். புது டைல்ஸ் கீறும் என்று எடுத்துப் பரணில் வைத்தேன். சாயங்காலம் நானே தைலம் தேய்த்துவிடுவேன். "எம்புட்டுத் தூக்குனா வலிக்கி?" என்று கேட்டுக் குறித்தும் வைத்தேன். "என் மேல இம்புட்டு அக்கறையா?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குறித்துவைப்பது என் பழக்கம், வேறொன்றுமில்லை.

போன மாதம் ஒரு காலை, சோறு வடிக்கக் குண்டானைச் சரித்தபோது தோள் விட்டுவிட்டது. கொதிகஞ்சி கொட்டி வெந்தது கழுத்து, மார்பு, இரண்டு கைகள். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். வலது கை விரல்கள் இனி மடங்காது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பட்டாளத்திலிருந்து அவள் தம்பி ஜெயபாண்டி லீவில் வந்தான். மேடையில் நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு நேரே போய்ச் சங்கையாவின் சட்டையைப் பிடித்தான். "ஏலே, எங்கக்கா ஒசரம் ஒனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?" தாளைப் பார்த்துத்தான் கட்டினேன் என்று அவர் சத்தியம் செய்தார். "அத்தான் தப்பா வரைய மாட்டாரு" என்றான் ஜெயபாண்டி. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தான். நீங்கள் சங்கையாவைக் கூட்டிவந்து, மூன்று நாளாக அந்தப் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இதுதான் அந்தத் தாள். ஓரத்தில் ஒரு குறுக்குவெட்டு இருக்கிறது, பாருங்கள். மேடை, அதன் மேல் ஐந்து அங்குல அடுப்பு, அதன் மேல் பன்னிரண்டு அங்குலக் குண்டான். பக்கத்தில் நிற்பது அவள். அளவு தெரிவதற்காக ஆளையும் வரைவது வழக்கம். குண்டானின் விளிம்பு அவள் மூக்குக்கு நேராக வருகிறது. சரியும்போது கஞ்சி எங்கே விழும் என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

ஒரு ஏழை மனுஷன் என்னால் கெடக் கூடாது. அந்த மனச்சாட்சி ஒன்றுக்காகத்தான் நானாக வந்தேன். சங்கையா மீது எந்தத் தவறும் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், நேற்று நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன், முப்பத்தேழுதான் இருக்கிறது. குறைந்துபோன அந்த அரை அங்குலம் மட்டும் அவர் பிழை. அதைத் தனியாக எழுதுங்கள்.