மணிக்கட்டுக்குக் கீழே

எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஹார்லெம் ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் நான்தான் வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள் அதிகாரி ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாது. முடித்ததும் இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை வாசித்தால் நம்பமாட்டேன்.

பெயர் ஹார்மன். தொழில் படகு. அடுப்பெரிக்கும் மண்கட்டியை வாய்க்கால் வழியே ஊருக்குள் கொண்டுவருகிறவன். முன்பல் மூன்று போனபிறகு ஓவியர் கெர்பிரண்ட் என்னைத் தேடி வந்தார். குடிகாரக் கும்பலைப் படம் போடுகிறவருக்கு இப்படி ஒரு வாய் எங்கேயும் அகப்படவில்லையாம். இளித்தபடி உட்கார்ந்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல் அழகன் நான்தான் என்று ஒரு நினைப்பு.

வயலினைக் கையில் கொடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. "கோழிக் கழுத்தத் திருகற மாதிரி பிடிக்கிறியேப்பா." அதனால் கைக்கு வேறு ஆள் வைத்தார். மக்டெல்டின் பீர்க்கடையில் ஆட்டத்துக்கு வாசிக்கிற லூபர்ட். காலையில் என் முகம், மத்தியானம் அதே முக்காலியில் அவன் கை. சட்டைக் கைவிளிம்பில் எங்கள் இருவரையும் ஒட்டிவிடுவார்.

கடையில் அப்படி ஒரு படம் தொங்கியது. மக்டெல்ட் பீர் ஊற்றும்போதெல்லாம் கேட்பாள்: "மூஞ்சி உன்னுது, சரி. கைய எந்த வீட்டுல திருடின?" கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பத்து வருடம் அதே கேலி, அதே சிரிப்பு.

முழு ஆளாக ஒரே ஒரு படத்தில் இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இந்த வருடம் பீர் காய்ச்சும் முதலாளி ஒருவர் பெரிய படம் கேட்டார். அது எனக்குத்தான் என்று தாடியைக்கூட மழித்துக்கொண்டு போனேன். கெர்பிரண்ட் சொன்னார்: "இந்தத் தடவ லூபர்ட்டே முழுசா உக்காரட்டும். கையோட பொறந்த மூஞ்சியா இருந்தாத்தான் ஒட்டும்."

நியாயமான பேச்சு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் படகைக் கரை சேர்க்கிறேன். காற்று படகைக் கரையின் கல்சுவர்ப் பக்கம் தள்ளியது. தண்ணீரில் நட்ட மரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தேன். கரையில் லூபர்ட் போனான். கூப்பிட்டேன். "விளிம்பக் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பா."

"வாசிக்கிற கைண்ணே இது."

"அட, பூ மாதிரி வரும். கயிறு என்கிட்டதானே இருக்கு."

மண்டியிட்டுக் குனிந்து படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். நான் கயிற்றை விட்டேன். நழுவியது என்று அன்று உங்களிடம் சொன்னேன். நழுவவில்லை. மண்கட்டி ஏற்றிய படகு யார் பேச்சையும் கேட்காது. சுவருக்கும் அதற்கும் நடுவே அவன் கைகள். மறுபடி கயிற்றைப் பிடிப்பதற்குள் பத்து வரை எண்ணினேன். எனக்கு அதுவரைதான் எண்ணத் தெரியும்.

அப்புறம் தினமும் பட்டாணிக் கஞ்சி கொண்டுபோய் அவனுக்குக் கரண்டியால் ஊட்டினேன். என்னைப் போல நண்பன் உண்டா என்று ஊர் பேசியது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

கெர்பிரண்டுக்கு வேறு வழியில்லை. என்னையே உட்காரவைத்து, முழுசாக வரைந்தார். முதலாளி வீட்டுக் கூடத்தில் படத்தை மாட்டினார்கள். பார்க்க வந்தவர்களோடு லூபர்ட்டும் வந்தான், துணி சுற்றிய கைகளோடு. வெகுநேரம் படத்தையே பார்த்தான்.

"வயலினப் பிடிச்ச இறுக்கத்துல அன்னிக்குக் கயித்தப் பிடிச்சிருக்கலாமேண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். பழக்கம்.

மனசு உறுத்தி வந்தேன் என்று நினைக்காதீர்கள். கை சரியில்லை என்று முதலாளி குறை சொல்லிவிட்டாராம். லைடன் ஊரிலிருந்து ஒரு வயலின்காரன் வருகிறான். வியாழக்கிழமை என் கைகளை அழித்துவிட்டு அவன் கைகளை வரையப்போகிறார்கள். குற்றத்துக்குச் சாட்சியான பொருளை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே. அந்தப் படத்துக்கு உங்கள் முத்திரை வைத்துவிடுங்கள் ஐயா. கயிற்றை விட்டது இந்தக் கைகள்தான், படத்தில் இருப்பதும் இதே கைகள்தான், முகமும் கையும் ஒரே ஆளுடையவை என்று தெளிவாக எழுதுங்கள்.

இப்போது வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை.